பிராங்பேர்ட் சமையலறையும் பெண்ணின் உழைப்பும்

வீட்டின் உள்ளமைப்புப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அழகு, வசதி என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. ஓர் அறையின் அளவு யாருடைய உழைப்பை எதிர்பார்த்து வகுக்கப்பட்டது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவை எழுப்புதற்கு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் 1926ஆம் ஆண்டு உருவான சமையலறை மிகப் பொருத்தமான சான்றாகும்.

முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனிய நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. பிராங்பேர்ட் நகராட்சி ஏர்ன்ஸ்ட் மை என்னும் கட்டடக்கலைஞரின் பொறுப்பிற் பெருங்குடியிருப்புக்களை அமைக்க முற்பட்டது. வாடகை தொழிலாளர்க்குக் கட்டுப்படியாக வேண்டுமாயின் வீடு சிறிதாதல் வேண்டும். வீடு சிறிதாயின் சமையலறை அதனினுஞ் சிறிதாதல் வேண்டும். ஒஸ்திரியாவின் முதற் பெண் கட்டடக்கலைஞருள் ஒருவரான மார்கரெட்டே ஷூட்டே-லிகொட்ஸ்கியிடம் (1897–2000) இப்பணி ஒப்படைக்கப்பட்டது.

தொழிற்சாலையில் உழைப்பாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்தற் கடிகாரங் கொண்டு அளந்த டெயிலரின் முறையை, அமெரிக்கரான கிறிஸ்ரின் பிரெடெரிக் வீட்டு வேலைக்குப் பொருத்தி எழுதியிருந்தார். அக்கருத்தும் புகையிரத உணவுப் பெட்டியின் ஒடுங்கிய சமையற்கூடமும் லிகொட்ஸ்கிக்கு முன்மாதிரிகளாயின. ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமுங் கொண்ட அறையில் அடுப்பு, கழுவுதொட்டி, வெட்டும் மேடை, சுவரில் மடிந்து நிற்குந் துணி அழுத்தும் பலகை யாவும் கைக்கெட்டும் தூரத்தில் ஒழுங்காயின. இருந்தபடியே காய்கறி நறுக்குதற்குச் சுழலும் இருக்கையொன்றும் இருந்தது. அரிசி, சீனி முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய லாச்சிகள். மாவுக்கு மட்டும் புழு அணுகாதவாறு ஓக் மரப்பெட்டி. இத்தகைய சமையலறைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் அமைக்கப்பட்டன. (நாம் வழங்கும் ‘குசினி’ என்னும் போர்த்துக்கேய வழிச் சொல்லும் ஜேர்மானியரின் சமையலறைச் சொல்லும் ஒரே இலத்தீன் மூலத்தினின்று பிறந்தவை.)

பெண்ணின் நடையையும் களைப்பையுங் குறைப்பதே இதன் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருபுறமும் தளபாடம் பொருத்தியபின் எஞ்சிய இடைவெளியில் ஒருவரே வசதியாக நின்று வேலை செய்ய முடியும். கணவனோ வளர்ந்த மகளோ உதவிக்கு வர இடமில்லை. சமையல் ஒருத்தியின் கடமை என்னும் சமூக வழக்கம் இங்கு சுவரின் அளவாகவே மாறிவிட்டது. தொழிற்சாலையிற் சேமித்த நேரத்துக்குக் கூலிக் கணக்கேனும் உண்டு, இங்கு அதுவுமில்லை.

1970களின் பின் பெண்ணிலைவாத ஆய்வாளர் இக்குறையை வன்மையாகச் சுட்டினர். அக்கண்டனம் பெரிதும் நியாயமானதே எனினும், வடிவமைத்தவரை மட்டும் பொறுப்பாக்குதல் பொருந்தாது என்பது எமது கருத்து. பல வீடுகளுக்கு ஒரு பொதுச் சமையலறை என்னும் மாற்றுவழி அக்காலத்தில் வியன்னா முதலிய நகரங்களிற் பரீட்சிக்கப்பட்டது. அதனை லிகொட்ஸ்கியும் அறிந்திருந்தார். அதன் செலவு தொழிலாளர் குடும்பத்துக்குத் தாங்காது என்பதே அவரது முடிபு. மேலும், பெண்ணாதலின் சமையலறையின் தேவை அவருக்கே தெரியும் என்று பலரும் எண்ணினர். தாம் அதற்கு முன் வீடு நடத்தியதோ சமைத்ததோ இல்லையென்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். ஆக, வடிவமைக்கும் அலுவலகத்திலும் அவர்மேற் சுமத்தப்பட்டது அதே வழக்கம்தான்.

குடியேறிய பெண்கள் இவ்வமைப்பை அப்படியே ஏற்கவில்லை. சிலர் அவ்வொடுங்கிய அறைக்குள்ளும் உணவு மேசையைப் புகுத்த முயன்றனர். லாச்சிகள் சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டுவதாயிருந்தமையுங் குறையாகக் கூறப்பட்டது. வசிப்பறைக்கும் சமையலறைக்கும் இடையே நகர்த்தும் கதவு ஒன்று வைக்கப்பட்டது. சமைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கவனிப்பதற்காக. கவனிப்பவள் யார் என்பதை வரைபடத்தில் எழுத வேண்டிய தேவை எவர்க்கும் ஏற்படவில்லை.