கட்டற்ற மென்பொருட் கையேடுகளைத் தமிழாக்குதல்

மலாக்காவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கலைச்சொல்லாக்கக் குழு எதனையும் கூட்டவில்லை. மரத்திலிருந்து வடிந்ததைப் 'பால்' என்றனர். மரம் 'பால்மரம்' ஆயிற்று. பாலை ஏந்தும் கிண்ணத்திற்கு மலாய்ச் சொல்லை வாங்கி 'மங்கு' என்றனர். விடியலில் பெயர் கூப்பிடும் இடம் 'பிரட்டுக்களம்' எனப்பட்டது. தொழில் தமிழ் வாயில் நடந்ததால் சொற்கள் தாமே அமைந்தன.

கணினித் தொழில் அவ்வாறு நடக்கவில்லை. ஆறாம் ஆண்டு வரை தமிழில் பயின்ற மாணவன் இடைநிலைப் பள்ளியில் கணினியை மலாயில் கற்கிறான். "பைலை சிம்பான் பண்ணு" என்று அவன் தம்பிக்குச் சொல்லும்போது எஞ்சியிருக்கும் தமிழ், வேற்றுமை உருபும் 'பண்ணு' என்னும் வினையுமே. மலாக்காவில் இருப்போர் இதனை இலேசாகக் கொள்ள இயலாது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் போற்றி வரும் செட்டிச் சமூகத்தாரிடம் வழிபாடு நிலைத்தது, வீட்டுமொழி மலாயாயிற்று.

மென்பொருளின் மூலநிரலை எவரும் காணவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். அவ்வுரிமையுள் மொழிபெயர்ப்பதும் அடங்கும். எந்த நிறுவனத்தின் இசைவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த ஆர்வலர்கள், ஒருவரையொருவர் நேரில் காணாமலே, லினக்சில் இயங்கும் கேடிஈ, க்னோம் ஆகிய பணிச்சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது கணித்தமிழ் ஆர்வம் நம் நாட்டிலும் உச்சத்தில் இருந்தது. அவர்கள் உழைப்பால் 'கோப்பு', 'சேமி', 'உலாவி' போன்ற சொற்கள் திரையில் ஏறின. ஆனால் பட்டியலில் நிற்கும் சொற்களோடு பெரும்பாலும் பணி நின்றுவிட்டது. அச்சொற்களைக் கொண்டு எதை எப்படிச் செய்வது என்று விளக்கும் கையேடு மிகக் குறைவாகவே தமிழில் வந்தது.

தனிச்சொல்லைப் பெயர்ப்பது வேறு, கையேட்டைப் பெயர்ப்பது வேறு. தமிழின் இலக்கணமே முதலில் வழிமறிக்கும். கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் நிரலர் ஒரு வெற்றிடக் குறியை வைத்திருப்பார். 'அதைத் திற' என்னும் பொருளில் நாம் அக்குறியின் பின் 'ஐ' சேர்த்தால், கணினி 'படம்ஐத் திற' என்று காட்டும். 'படம்' என்பது 'படத்தை' என்றும், 'வீடு' என்பது 'வீட்டை' என்றும் திரிவதை அது அறியாது. 'படம் என்னும் கோப்பைத் திற' என்று எழுதினால் உருபைக் 'கோப்பு' ஏற்றுக்கொள்ளும். வெற்றிடத்தில் எப்பெயர் வந்தாலும் தொடர் சிதையாது. எண்ணிக்கையிலும் இத்தகைய முடிச்சு உண்டு. பெரும்பாலான கட்டற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்ட் முறையில் மலாய்க்கு ஒரே வடிவம் போதும்; தமிழுக்கு ஒருமை, பன்மை என இரண்டு தர வேண்டும்; அரபு மொழிக்கோ ஆறு. இனி, ஏவலா வியங்கோளா? 'அழுத்து' என்றால் சிலருக்கு உறுத்துகிறது. 'அழுத்துக' என்பது தேர்வுத்தாளை நினைவூட்டுகிறது. 'அழுத்தவும்' என்பது அறிவிப்புப் பலகை. பொத்தானில் 'சேமி' என்றும் கையேட்டில் 'அழுத்துங்கள்' என்றும் வைப்பதே என் வழக்கம். பொத்தானில் நாம் கணினியை ஏவுகிறோம். கையேட்டில் மனிதரோடு பேசுகிறோம்.

இவற்றையெல்லாம் நன்கு அறிந்த இறுமாப்புடன் ஒருமுறை ஒரு பக்கத்தைப் பெயர்த்து, ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து, படித்தபடி செய்யுமாறு வேண்டினேன். மூன்றாம் வரியிலேயே நின்றுவிட்டார். 'முன்னிருப்பு எழுத்துரு' என்று எழுதியிருந்தேன். "முன்பு இருந்த எழுத்துருவா, ஐயா? முன்பு எது இருந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அச்சொல் கலைச்சொற் பட்டியல்களில் உள்ளதே. பிழையென்று எவரும் சொல்லார். ஆயினும் அவர் கொண்ட பொருளே சொல்லின் நேர்ப்பொருள். 'நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி தானே எடுத்துக்கொள்ளும் எழுத்துரு. இதனை முன்னிருப்பு என்பர்' என்று திருத்திய பின் அவர் தடையின்றி முடித்தார். முப்பது ஆண்டு மொழியியல் கற்பித்தும் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவேதான் இப்பணிக்கு நிரலரைவிட ஆசிரியரும் மாணவரும் ஏற்றவர் என்கிறேன். 2012 முதல் கணியம் இதழ் கணினி நுட்பங்களை எளிய தமிழில் விளக்கி, அவற்றை நூல்களாகவும் கட்டற்ற உரிமத்தில் வழங்கி வருகிறது. நடைக்கு அவற்றைப் படித்துப் பார்க்கலாம். லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பின் உதவிப்பக்கங்கள் வெப்லேட் என்னும் இணையத்தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத் தொடருக்கான தமிழ்த் தொடரைக் கட்டத்தில் எழுதினால் போதும். பள்ளிக்கு மூவர் போதும்: ஒருவர் பெயர்க்க, ஒருவர் ஒப்புநோக்க, அம்மென்பொருளை முன்பின் பாராத ஒருவர் படித்தபடி செய்ய. மூன்றாமவர் தடுமாறும் இடங்களே திருத்தவேண்டிய இடங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஆங்கில மூலம் ஒரு சொல் மாறினாலும், கெட்டெக்ஸ்ட் அதற்குரிய பழைய தமிழ்த் தொடரை ஐயத்திற்குரியது எனக் குறித்து ஒதுக்கிவிடும். ஒருவர் திரும்பப் பார்த்து ஒப்பும் வரை திரையில் அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். எனவே ஆறாம் ஆண்டு மாணவர் குழு பள்ளியை விட்டுச் செல்லுமுன், ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவரையாவது பக்கத்தில் அமர்த்திக்கொள்வது நலம்.