கயாக்கில் மோட்டார் மாட்டப் போறீங்களா? முதல்ல இந்த பேட்டரி கணக்கைப் போடுங்க!

'ட்ரோல்'னு சொன்னதும் மீம்ஸ்தான் ஞாபகம் வருதா? மீன்பிடியில் அதுக்கு அர்த்தமே வேற. தூண்டிலைத் தண்ணியில் இழுத்துக்கிட்டே படகை மெதுவா நகர்த்துறதுதான் ட்ரோலிங். அதுக்காகவே வந்தது, சத்தம் போடாம பேட்டரியில் ஓடுற ட்ரோலிங் மோட்டார். 1934-ல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி.ஷ்மிட் என்பவர் கியர் வைத்த ட்ரோலிங் மோட்டாரை உருவாக்கினார். நம்ம மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதே 1934-ல்தான்!

மேட்டூரில் இன்னைக்கும் பரிசலும் துடுப்பும்தான் மீனவர்களுக்குக் கை கால். அந்தத் தண்ணியில் கயாக்கை இறக்கி, மோட்டாரும் மாட்டணும்னு ஆசைப்பட்டா, 'எவ்வளவு வேகம் போகும்?' என்பதைவிட 'திரும்பி வர சார்ஜ் இருக்குமா?' என்பதுதான் முக்கியமான கேள்வி.

எவ்வளவு பெரிய மோட்டார்?

இந்த மோட்டாரின் தள்ளுவிசையை பவுண்டில் சொல்வாங்க. சுமார் 45 கிலோ எடைக்கு 2 பவுண்ட் என்பது பொதுவான கணக்கு. ஆள், கயாக், பேட்டரி எல்லாம் சேர்த்து 150 கிலோன்னா 7 பவுண்டே போதும். காத்துக்கும் சேர்த்துப் பார்த்தாலும் 30 பவுண்ட் மோட்டார் தாராளம். அதைவிடப் பெருசா வாங்கினா வேகம் பெருசா கூடாது, பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும்.

பேட்டரி கணக்கு

30 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இருந்தா சுமார் 1 மணி 40 நிமிஷம் ஓடும். அதே அளவு லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினா ஆயுசு குறையும். அதனால 50 நிமிஷம்தான் கணக்கு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமேன்னு நினைக்காதீங்க. அது 50 கிலோவுக்குப் பக்கம் வரும், கயாக் தாங்காது.

இன்னொரு விஷயம், வேகம் இரண்டு மடங்கானா செலவாகும் சக்தி சுமார் எட்டு மடங்காகும். வேகத்தைப் பாதியாக் குறைச்சா, அதே சார்ஜில் கிட்டத்தட்ட நாலு மடங்கு தூரம் போகலாம். மெதுவா போனாத்தான் மீனும் கடிக்கும்!

ஆடிக்காத்து சும்மா இல்லை

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னா, கயாக் எம்மாத்திரம்? மேட்டூர் நீர்த்தேக்கம் நிறைஞ்சா சுமார் 153 சதுர கிலோமீட்டர். காத்துத் தள்ளுற பக்கமே ஜாலியா போயிட்டா, திரும்பும்போது எதிர்க்காத்து பேட்டரியைக் குடிச்சிடும். அதனால,

* கிளம்பும்போதே எதிர்க்காத்துல போங்க. திரும்பும்போது காத்து உங்களைத் தள்ளும்.
* மூணுல ஒரு பங்கு சார்ஜ் போனதுமே திரும்பிடுங்க.
* லித்தியத்தில் வோல்டேஜ் கடைசி வரை பெருசா இறங்காது. அதைப் பார்த்து ஏமாறாதீங்க, எவ்வளவு ஆம்பியர்-அவர் செலவாச்சுன்னு காட்டுற மீட்டர் வாங்குங்க.
* பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்க.
* லைஃப் ஜாக்கெட்டும் துடுப்பும் இல்லாம இறங்காதீங்க. பேட்டரி செத்தா துடுப்புதான் துணை.

தண்ணிக்கு அடியில் என்ன இருக்கு?

நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அவை முழுசா வெளியே வராத நாள்லதான் ஆபத்து. இறக்கையில் கல் இடிச்சா மோட்டார் காலி. ஆழம் குறைஞ்ச இடத்தில் மோட்டாரைத் தூக்கிட்டுத் துடுப்பு போடுங்க.

அதைவிட முக்கியம், வலை. உரிமம் வாங்கிய மீனவர்கள் விரிச்ச வலை மேல இறக்கை ஓடினா உங்களுக்கு மோட்டார் மாட்டிக்கும், அவங்களுக்கு அன்னைக்குப் பொழப்பே போயிடும். மிதவை தெரிஞ்சா சுத்திப் போங்க. எங்கே வலை இருக்குன்னு கரையில் இருக்கிற பரிசல்கார அண்ணன்கிட்ட முதல்லயே கேட்டுக்குங்க.

அனுமதி?

மோட்டார் மாட்டினதும் உங்க கயாக் இயந்திரப் படகு ஆகிடுது. 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவு கேட்குது. அதனால மேட்டூரோ, பூலாம்பட்டியோ, ஜேடர்பாளையமோ, இறங்குறதுக்கு முன்னாடி மீன்வளத்துறை, நீர்வளத்துறை அலுவலகங்களில் கேட்டுட்டு, அதுக்கப்புறம் மோட்டாருக்குப் பணம் கட்டுங்க.