வன்தட்டின் பிழை எச்சரிக்கைகளும் மலையக ஆவணங்களின் பாதுகாப்பும்

மலையகத் தமிழரின் வரலாற்றில் ஆவணம் என்பது வெறும் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் ஒரு முழுச் சமூகத்தையே தன் இருப்பைக் காகிதத்தால் நிறுவும்படி நிர்ப்பந்தித்தன. நிறுவ இயலாதோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிக்கலைப் பெருமளவு தீர்த்துவைத்தபோதிலும், பிறப்புப் பதிவையும் சேமலாப நிதிக் கடிதத்தையும் தகரப் பெட்டியிற் பொத்திவைக்கும் வழக்கம் லயன்களில் மறைந்துவிடவில்லை. அது அச்சத்தின் விளைவு என்பதைவிட அனுபவத்தின் விளைவு என்பதே பொருந்தும்.

2007ஆம் ஆண்டு சனவரியில் வலப்பனைப் பகுதியில் நிகழ்ந்த மண்சரிவுகளை நினைவிற் கொள்வோருக்கு, இப்பத்திரங்களைப் படியெடுத்துக் கணனியில் இடுவதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயின் தகரப் பெட்டி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். கணனியின் வன்தட்டு பழுதடைவது அவ்வாறு தெரிவதில்லை. திரையில் ஒருநாள் தோன்றும் ஓர் எச்சரிக்கை வாசகமே அதன் ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும். அவ்வாசகத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

வன்தட்டினுள் காந்தப்பூச்சுப் பெற்ற வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. எழுதும் முனை அவற்றைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கின்றது. தகட்டின் பரப்பு 512 அல்லது 4096 பைற் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதி வாசிக்க இயலாது போனால், தட்டு அதனை ஐயத்துக்குரியது எனக் குறித்துக்கொள்ளும். பின்னர் அவ்விடத்தில் எழுத முற்படும்போதும் அது பழுதெனக் கண்டால், தன்னிடமுள்ள மிகைப்பகுதி ஒன்றுக்கு அதனை மாற்றிவிடும். இக்கணக்குகளையெல்லாம் தட்டே பதிந்துவைக்கும் முறை 'ஸ்மார்ட்' எனப்படும். 1990களில் உருப்பெற்ற இம்முறையில் ஐந்தாம் இலக்கம் மாற்றப்பட்ட பகுதிகளையும், 197ஆம் இலக்கம் ஐயத்துக்குரிய பகுதிகளையும், 198ஆம் இலக்கம் மீட்கவியலாதவற்றையும் குறிக்கும். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ', 'ஸ்மார்ட்மொன்ரூல்ஸ்' போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றைக் காட்டும்.

199ஆம் இலக்கம் மட்டும் வேறு வகையினது. அது தட்டுக்கும் கணனிக்கும் இடையிலான போக்குவரத்தில் நேர்ந்த பிழைகளை எண்ணுவது. பெரும்பாலும் தளர்ந்த அல்லது பழுதுற்ற கேபிளே காரணமாகும். கேபிளின் குற்றத்துக்காக நல்ல தட்டைத் தூக்கியெறிந்து புதிது வாங்குமாறு கடைக்காரர் கூறினால், வாங்குபவர் இந்த எண்ணை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

இவ்வெச்சரிக்கைகளின் வலிமை எத்தகையது? கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் மூவர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவுகள் மனங்கொள்ளத்தக்கன. பரப்பைச் சோதிக்கையில் முதற்பிழை காட்டிய தட்டு, பிழை காட்டாத தட்டைவிட அடுத்த 60 நாட்களுள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்காக இருந்தது. மறுபுறத்தில், செயலிழந்த தட்டுகளுட் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளுள் எதனையும் முன்னர் காட்டியிருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும், வராமையை நம்பலாகாது.

எச்சரிக்கை கண்டவுடன் பலரும் செய்வது விண்டோஸின் 'செக் டிஸ்க்' பழுதுபார்ப்பை ஏவுவதாகும். இது முறையன்று. அது கோப்பமைப்பைச் சீர்செய்வதற்கானது, ஆவணங்களைக் காப்பதற்கானதன்று. நலிந்த தட்டை முழுமையாகத் துருவி, அதில் எழுதவும் செய்வதால், எஞ்சியிருக்கும் உயிரையும் அது பறிக்கக்கூடும். முதற்பணி படியெடுத்தலே. அதிலும் வரிசை உண்டு: மீளப் பெறமுடியாத பத்திரங்களும் புகைப்படங்களும் முதலில், மீண்டும் நிறுவக்கூடிய மென்பொருள்களும் திரைப்படங்களும் இறுதியில், அல்லது வேண்டாம். வாசிக்க மறுக்கும் தட்டுக்கு 'டீடீரெஸ்கியூ' என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். அது நலமான பகுதிகளை முதலிற் பெயர்த்தெடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பின்னரே திரும்பிவருகிறது. தட்டிலிருந்து 'டக், டக்' என்ற ஓசை எழுமாயின் உடனே மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும். வீட்டில் அதனைத் திறந்து பார்த்தல் கூடாது.

மலைநாட்டின் சூழ்நிலைக்கும் இதிற் பங்குண்டு. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், அரைகுறையாக எழுதப்பட்ட பகுதி வாசிக்க இயலாததாகிவிடலாம். அத்தகைய பகுதி மீண்டும் எழுதப்பட்டதும் சீராகி, 197ஆம் இலக்கம் குறைவதுமுண்டு. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பின்னர் இதனை எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். இடைப்பருவ மாதங்களின் இடிமின்னலின்போது செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுதல் சிறந்தது.

படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவற்றுளொன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். வலப்பனையில் இருக்கும் கணனியின் படி அதே லயனின் மறுகோடியில் இருப்பதால், மண்சரிவின்போது பயனில்லை. கண்டியிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் இருக்கலாம். குடும்பத்தின் தனிப்பட்ட பத்திரங்கள் அல்லாத தொழிற்சங்கப் பிரசுரங்கள், பாடசாலை மலர்கள், சிறுசஞ்சிகைகள் ஆகியவற்றை 2005இல் தொடங்கிய நூலக எண்ணிம நூலகம் போன்ற பொதுத் திரட்டுகளுக்கு வழங்குவதும் ஒரு வழி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அங்கிருந்த பல சுவடிகளுக்கு மறுபடி எங்கும் இருக்கவில்லை.

சுழலும் தகடற்ற எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் இப்போது பரவி வருகிறது. அது அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் ஓசை எதுவும் எழுப்பாது திடீரென நின்றுவிடுவதுண்டு. நெடுங்காலம் மின்னூட்டமின்றிப் பெட்டியிற் கிடந்தால் அதன் பதிவுகள் மங்கக்கூடுமாதலால், படிக்காக அதனைப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் கணனியில் இணைத்துப் பார்த்தல் அவசியம்.