பால் மறக்கடிக்க இதுவா நேரம்?

மழை தொடங்கிவிட்டால் எங்கள் குழந்தைகள் வார்டுக்கு ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றேகால் வயது, ஒன்றரை வயது, சில சமயம் இரண்டைத் தொட்ட பிள்ளை. மூன்று நாளாகத் தண்ணீர் தண்ணீராகப் போகிறது. கண் குழி விழுந்துவிட்டது, நாக்கு வறண்டுவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. "பால் குடிக்கிறானா?" என்று அம்மாவைக் கேட்டால் கூட வந்த பெரியவர் பதில் சொல்கிறார்: "குடிச்சா இன்னும் போகுது டாக்டர். அதனால முந்தாநாளே நிறுத்திட்டோம். வேப்பெண்ணெய் தடவி மறக்கடிச்சாச்சு." அம்மா ஒன்றும் பேசாமல் நிற்கிறாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருக்கிறது.

நோயில் கிடக்கும் பிள்ளை மறுக்காமல் குடிக்கும் ஒரே உணவைப் பிடுங்கிவிட்டு, அது ஏன் துவண்டு போனது என்று கேட்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறோம். சீம்பாலைப் பற்றியும் முதல் ஆறு மாதத்தைப் பற்றியும் மேடை போட்டுப் பேசுகிறோம். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பாலை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த இடத்தை வேப்பெண்ணெய்க் கிண்ணம் நிரப்பிவிடுகிறது.

"இந்தப் பாலில் என்ன இருக்கு?"

ஒரு வயது தாண்டினால் தாய்ப்பால் வெறும் தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். அது உண்மையே இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாம் வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 450 மில்லி குடிக்கும் பிள்ளைக்குத் தேவையான சக்தியில் 29 சதவீதமும், புரதத்தில் 43 சதவீதமும், வைட்டமின் ஏ-யில் 75 சதவீதமும் அந்தப் பாலிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. கிருமியை எதிர்க்கும் லாக்டோஃபெரின், லைசோசைம், இம்யூனோகுளோபுலின் ஏ ஆகியவை இரண்டாம் வயதிலும் பாலில் இருக்கின்றன. லைசோசைம் முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது. பிள்ளைக்குத் தொற்று வந்திருக்கும் நாட்களில் தாய்ப்பாலில் வெள்ளணுக்கள் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள்.

இதைத்தான் நோய் வந்த அன்றைக்கு நிறுத்துகிறோம்.

பேதியும் பாலும்

"பால் குடித்ததும் போகிறான்" என்பது கண்ணால் பார்த்த உண்மைதான். வயிறு நிறைந்தால் குடல் அசையும். பேதியில் இருக்கும் பிள்ளை எதைக் குடித்தாலும் போகும், வெந்நீர் குடித்தாலும் போகும். எவ்வளவு வெளியே போகிறது என்பதை மட்டுமே வீட்டில் பார்க்கிறார்கள். எவ்வளவு உள்ளே தங்குகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் உடம்பில் நீரும் தங்கும், சத்தும் தங்கும்.

பெரு நாட்டில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, மற்ற உணவைக் குறைத்துக்கொண்ட குழந்தைகள் தாய்ப்பாலைக் குறைத்துக்கொள்ளவில்லை. எந்தத் தாயைக் கேட்டாலும் இதையே சொல்வாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பிள்ளை மார்பைத் தேடி வரும்.

பேதியில் புண்பட்ட குடலுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது என்று சொல்லி, விலையுயர்ந்த லாக்டோஸ் இல்லாத மாவு டின்னோடு வருபவர்களும் உண்டு. சில நாட்கள் அந்தச் சிரமம் இருக்கலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையே இல்லை.

பாலை நிறுத்திவிட்டு என்ன கொடுக்கிறார்கள்? பார்லித் தண்ணீர், ஆரோரூட் கஞ்சி, குளுக்கோஸ் தண்ணீர், சோடா, இளநீர். சர்க்கரை அதிகமான பானம் பேதியைக் கூட்டும். இளநீரில் சோடியம் போதாது. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் பெட்டியில் அடைத்து விற்ற இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்த பெற்றோர் ஏராளம். அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறாராக உத்தரவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்ற குத்துமதிப்பு வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலை வைத்துத்தான் எத்தனையோ உயிர்களை மீட்டார். இதோடு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை, தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்ற மறுநாளே இதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

பால் மட்டுமே போதும், ஓ.ஆர்.எஸ். வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. இரண்டும் வேண்டும்.

சளி, வாய்ப்புண், அம்மாவின் காய்ச்சல்

"அம்மா ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டாள், அதனால் பிள்ளைக்குச் சளி பிடித்தது" என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளுக்கு மிளகு ரசத்தையும் பூண்டையும் தவிர வேறெதுவும் கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சளி வைரஸால் வருகிறது. தும்மலிலும் கழுவாத கையிலும் பரவுகிறது. பழத்திலிருந்து பாலுக்கும் பாலிலிருந்து பிள்ளையின் நெஞ்சுக்கும் குளிர்ச்சி இறங்குவதில்லை. அந்தத் தாயைப் பட்டினி போடாதீர்கள்.

மூக்கு அடைத்த பிள்ளையால் தொடர்ந்து சப்ப முடியாது. இரண்டு வாய் குடித்துவிட்டு விட்டுவிடும். பால் பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, நிமிர்த்தி வைத்துக் கொடுங்கள். தக்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் கை கால் வாய் நோயில் வாயெல்லாம் புண்ணாக இருக்கும்போது காரமும் சூடும் ஆகாது. அப்போதும் பல பிள்ளைகள் தாய்ப்பாலில்தான் அந்த நாட்களைக் கடத்துகின்றன. சப்ப வலித்தால் பீய்ச்சி, குளிர வைத்து ஸ்பூனில் கொடுக்கலாம்.

அம்மாவுக்கே காய்ச்சல் என்றாலும், டெங்கு என்றாலும், அவளால் முடிந்தவரை பால் கொடுக்கலாம். பாரசிட்டமால் போட்டுக்கொண்டதற்காக நிறுத்த வேண்டியதில்லை. கீமோதெரபி, கதிரியக்க அயோடின், மார்பில் அக்கிப் புண், எச்.ஐ.வி. போன்ற சில நிலைகளில் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

கண்ணிலும் காதிலும் ஊற்றாதீர்கள்

பாலை நிறுத்துகிற அதே வீட்டில்தான் அதை மருந்தாகவும் ஊற்றுகிறார்கள். கண்ணில் பூளை தள்ளினால் தாய்ப்பால், காது வலித்தால் தாய்ப்பால். காதில் சீழ் வடியும் பிள்ளைக்குச் செவிப்பறை ஓட்டையாகியிருக்கலாம். அதற்குள் எதை ஊற்றினாலும் ஆபத்து. கண் சிவந்து சீழ் கட்டினால் பாலை விட்டுக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வீண்.

பால் மறந்து பல வருடமான ஐந்து வயதுப் பையனுக்குக் காமாலை என்று, பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றவளிடம் டம்ளரில் பால் வாங்கி வந்து புகட்டுபவர்களும் உண்டு. காமாலைக்குத் தாய்ப்பால் மருந்து அல்ல. பச்சையாக வாங்கும் பிறர் பாலில் எச்.ஐ.வி. போன்ற தொற்றுகள் வரலாம். தாய்ப்பால் வங்கிகளில் கொடையாளியின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகே, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சொட்டு அவர்களுக்கு உரியது.

துவண்டு கண் சொருகிக் கிடக்கும் பிள்ளைக்குப் பாலாடையில் எதையும் புகட்டாதீர்கள். தாய்ப்பாலே ஆனாலும் நுரையீரலுக்குள் போய்விடும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப்

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. பேதிக்கு ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் கலந்த சிரப். அக்காள் பிள்ளைக்குக் கொடுத்ததில் மிச்சம். இன்னும் மோசம், பெரியவர்கள் போடும் லோபரமைடு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு அது குடலையே அசையாமல் செய்துவிடும்; உயிரையும் எடுக்கும். பிள்ளைகளின் பேதி பெரும்பாலும் வைரஸால் வருகிறது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றைப் பிசைய விட்டுவிட்டு நான்காம் நாள் வருபவர்களிடம் நான் என்ன சொல்ல?

சாதாரணப் பேதிக்குப் பரிசோதனைகள் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் நாங்களே எழுதித் தருவோம்.

பால் மட்டுமே குடிக்கும் ஒன்றரை வயது

தாய்ப்பாலுக்காக இவ்வளவு வாதாடுகிற நானே இதையும் சொல்லியாக வேண்டும். சோறே தொடாமல் இரவும் பகலும் மார்பிலேயே இருக்கும் பிள்ளை வெளிறிப்போய் வருகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நோய் நாட்களில் பாலோடு இட்லி, குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், வாழைப்பழம் எனக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு கொடுத்தால்தான் இழந்த எடை திரும்பும்.

காத்திருக்காமல் வாருங்கள்

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாகிறது. மலத்தில் ரத்தம். வலிப்பு. எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுகிறது. அதுவரை விடாமல் குடித்த பிள்ளை மார்பையே வேண்டாம் என்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் வாருங்கள். வரும் வழியிலும் விழிப்போடு இருந்தால் பால் கொடுங்கள், பஸ்ஸில் யார் பார்த்தாலும் சரி.

பாட்டிமார்களே, அத்தைமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். "இன்னுமா இவன் பால் குடிக்கிறான்?" என்று அந்தப் பெண்ணைக் கேலி பேசாதீர்கள். பால் மறக்கடிக்க வேண்டுமென்றால் பிள்ளை நன்றாக இருக்கும் மாதத்தில், ஒவ்வொரு வேளையாகக் குறைத்துச் செய்யுங்கள். இந்த மழையில், இந்தக் காய்ச்சலில் வேண்டாம். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒன்றரை மாதத்தில் தொடங்கும் அந்தத் தவணைகளைத் தவற விடாதீர்கள். வீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். முதல் நாளே அழைத்து வாருங்கள், அம்மாவையும் சேர்த்து.