கத்தி பிடித்த கையும் கணக்கு எழுதிய கையும்

சுரங்கங்கள் ஓடிய காலத்திலும் சரி, 2001-ல் அவை மூடப்பட்ட பிறகும் சரி, கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பங்களில் பெரிய சீக்கு என்றால் முதலில் வாயில் வரும் ஊர் வேலூர்தான். மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கியவர்கள் ஏராளம். அந்த வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்வதோடு நில்லாமல் ஆராய்ச்சியிலும் இறங்கிய ஓர் அறுவை டாக்டரின் கதை இது.

கொல்லிமலையில் வளர்ந்தவர்

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். மருத்துவம் படிக்குமுன் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றவர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946-ல் வேலூர் வந்தார்.

1947-ல் செங்கற்பட்டு தொழுநோய் விடுதிக்குப் போனார். அங்கே அவர் கண்டவை மடங்கிப்போன விரல்கள், தேய்ந்துபோன கைகள். போலியோவால் முடங்கிய காலுக்கு ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் இருந்தார்கள். இந்தக் கைகளைத் தொட்டுப் பார்க்கக்கூட எலும்பு டாக்டர் யாரும் இல்லை. ‘ஏன் இப்படி ஆகிறது?’ என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தக் கேள்வியே அவருடைய ஆராய்ச்சி.

எலி கடித்த விரல்

தொழுநோயாளியின் சதை தானாக அழுகி விழுகிறது, அதில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்பது அக்கால நம்பிக்கை. பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு நோயாளியின் விரலையும் அளந்து குறித்தார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், கரடுமுரடான மண்வெட்டிப் பிடி, அழுத்தித் திருகிய சாவி என்று காரணம் கிடைத்துக்கொண்டே வந்தது. இரவில் தூங்கும்போது எலி கடித்தும் சிலருக்கு விரல் போனது. வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

முடிவு தெளிவாயிற்று. விரலைத் தின்பது நோய் அல்ல. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதே காரணம். சதை மற்றவர் சதையைப் போலவே ஆறும். அப்படியானால் ஆபரேஷனும் செய்யலாம். முன்கையில் கெடாமல் இருந்த தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு இணைத்தார். மடங்கிய விரல் நிமிர்ந்தது.

கை வந்தது, வேலை வரவில்லை

ஆனால் வேறொரு சிக்கல் முளைத்தது. கை சரியானவனுக்குப் பிச்சை விழவில்லை. நோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. 1951-ல் நவஜீவ நிலையம் என்ற பயிற்சி இடம் தொடங்கியது. தாம் முன்பு கற்ற தச்சு வேலையை பிராண்ட் அங்கே சொல்லிக்கொடுத்தார். புண்பட்ட பாதங்களுக்கு மென்மையான ரப்பர் செருப்புகளும் தயாராயின.

1960-ல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணுக்கும் இதே பாடம் பொருந்துவதை எடுத்துக் காட்டினார். 2003-ல் காலமானார்.

தனி ஆளால் ஆகுமா?

பிராண்ட் தனியாகச் சாதிக்கவில்லை. செங்கற்பட்டுக்கு அழைத்துச் சென்றவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். உடன் நின்றவர்கள் உடற்பயிற்சி நிபுணர், செருப்புத் தைப்பவர், தச்சர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபரேஷன் மேசையை விட்டு விலகி யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது.

இன்றைய அறுவை டாக்டருக்குக் குறைவாக இருப்பது அதுதான். காலையில் ஆபரேஷன், பிறகு வெளிநோயாளிகள் வரிசை, இரவில் அவசர கேஸ். ‘இது ஏன்?’ என்று கேட்க அவகாசம் எங்கே? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், ஆராய்ச்சியில் இறங்கும் இளம் டாக்டர்களுக்குத் தரும் ஓர் உதவித்தொகையில், வேலை நேரத்தில் முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கே ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அறுவை டாக்டருக்கு மட்டும் பாதி நேரம் போதும் என்று சலுகை அளிக்கலாம். கத்தி பிடிக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா!

தங்கவயலும் கண்ட உண்மை

இந்த உண்மை தங்கவயலுக்குப் புதிதல்ல. 1940-களில் இங்கே பணியாற்றிய டாக்டர் ஆன்டனி கேப்லன், சுரங்கத்தின் கல்தூசி தொழிலாளியின் நுரையீரலை எப்படிக் கெடுக்கிறது என்றும், ஆழத்தில் ஆட்கள் சுருண்டு விழுவது ஏன் என்றும் ஆராய்ந்து எழுதினார். பின்னர் பிரிட்டனின் வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களிடம் அவர் கண்டறிந்து 1953-ல் எழுதிய நோய்க்கூறு, இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சிகிச்சை ஒருவனைக் காப்பாற்றும். ஆராய்ச்சி, அவனுக்குப் பின் குழியில் இறங்குபவனையும் காப்பாற்றும்.

இதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. விரலை அளக்க மறுபடி மறுபடி வந்து கையை நீட்டிய ஏழைகள் இல்லாமல் பிராண்டின் ஆராய்ச்சி இல்லை. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால், ‘உடம்பு தேவலையே, எதற்கு?’ என்று இருந்துவிட வேண்டாம். பழைய சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் பத்திரமாக வைத்திருந்து எடுத்துச் செல்லுங்கள். அடுத்து அதே சீக்கோடு வருபவருக்கு அது உதவும்.