மே மாசத்து உள்ளான்கள்

மே மாதம் கோவளம் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் பறவை பார்க்கிற நண்பர்களே சிரிக்கிறார்கள். "சீசன்தான் முடிஞ்சு போச்சே சார்." முடிந்ததுதான். நவம்பர் முதல் மார்ச் வரை கேளம்பாக்கம் உப்பளங்களிலும் கோவளத்துச் சேற்றுத் திட்டுகளிலும் ஓடித் திரிந்த கூட்டங்களில் பெரும்பகுதி ஏப்ரல் கடைசிக்குள் வடக்கே கிளம்பிவிடும். ஆனால் எல்லாமே போவதில்லை. மிச்சம் நிற்பவை எவை, ஏன் நிற்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொள்கிறேன். கர்லூ சாண்ட்பைப்பர் என்கிற வளைமூக்கு உள்ளான். எடை 60 கிராம் சொச்சம். முட்டையிடும் இடம் சைபீரியாவின் வட விளிம்பு, குறிப்பாகத் தைமீர் தீபகற்பம். கோவளத்திலிருந்து நேர்க்கோடு போட்டால் கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர். குளிர்காலம் முழுக்க இது சாம்பல் நிறத்தில் சுமாராக இருக்கும். ஏப்ரல் வந்தால் முதிர்ந்த பறவைகளுக்கு மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறும். உடம்பில் கொழுப்பு ஏறி உருண்டையாகிவிடும். பிறகு ஒரு நாள் காணாமல் போகும்.

மே இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தால் அதே சேற்றில் அதே பறவை, ஆனால் இன்னும் சாம்பல் நிறத்தில். ஜூம் லென்ஸில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறகின் வெளி இறகுகள் பழுப்பேறி, நுனி பிய்ந்து, பழைய துடைப்பம் மாதிரி இருக்கும். காயம்பட்டதோ நோஞ்சானோ ஒன்றிரண்டு இருக்கலாம். பெரும்பாலானவை போன ஜூலையில் பொரித்த குஞ்சுகள். வயது பத்து மாசம்.

இதுக்கு ஏன் சிறகு இப்படி? பெரியவை இங்கே வந்து சேர்ந்த பிறகு நிதானமாகச் சிறகை மாற்றிக்கொள்கின்றன. ஏப்ரலில் அவற்றிடம் இருப்பது புதுச் சிறகு. குஞ்சுகளில் பலவற்றுக்குக் கூட்டை விட்டு வந்தபோது அவசர அவசரமாக முளைத்த அதே சிறகுதான். அதை வைத்துத்தான் 7,000 கிலோமீட்டர் வந்தது. அதுவும் தாய் தகப்பன் துணை இல்லாமல். பெரியவை முன்பே கிளம்பிவிடுவதால் எந்தத் திசையில், எப்போது என்பது பிறவியிலேயே வந்த அறிவு. அதன் பிறகு ஆறேழு மாசம் நம்ம ஊர் வெயிலும் உப்புத் தண்ணியும். அந்தச் சிறகோடு திரும்பக் கிளம்புவது துணிகரம்தான். இன்னும் சில காரணங்களும் சொல்கிறார்கள்: இரை தேடுவதில் அனுபவம் போதாமல் தேவையான கொழுப்பு ஏறாது, குடல் ஒட்டுண்ணிகளின் பாரம், போய்ச் சேர்ந்தாலும் இரண்டு மாசக் கோடையில் ஜோடி சேர்ந்து குஞ்சு வளர்க்க வாய்ப்புக் குறைவு. சில வருடங்கள் வாழக்கூடிய பறவைக்கு ஒரு வருஷம் பொறுப்பது லாபமான கணக்கு. கொசு உள்ளான் போன்ற சின்னவற்றில் பல முதல் வருஷமே போய்விடும். கோட்டான் மாதிரிப் பெரியவை இரண்டு வருஷம்கூடப் பொறுக்கும்.

எனக்குச் சுவாரசியம் இதற்கு அடுத்த படியில்தான். இங்கே மே, ஜூனில் நிற்பவை போன வருஷத்துக் குஞ்சுகள் என்றால், அவற்றை எண்ணுவது தைமீரில் போன கோடை எப்படி இருந்தது என்று இங்கிருந்தே எட்டிப் பார்ப்பதற்குச் சமம். இது என் கற்பனை இல்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வடக்கே லாங்கபான் என்று ஒரு கடற்கழி இருக்கிறது. அங்கே கோடையில் ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை என்று வருஷாவருஷம் எண்ணினார்கள். அவர்களுக்குக் குளிர்காலம் என்பது நமக்கு ஜூன், ஜூலை. அந்தக் கணக்கில் தங்கிப்போன உள்ளான்களின் எண்ணிக்கை ஏறி இறங்கியது. சம்மர்ஸ், அண்டர்ஹில் இருவரும் 1987-இல் அதை லெம்மிங்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். லெம்மிங் என்பது ஆர்க்டிக் எலி. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு முறை கன்னாபின்னாவென்று பெருகும், அடுத்த வருஷம் சரியும். பெருகின வருஷம் ஆர்க்டிக் நரிக்கு அதுவே போதும். சரிந்த வருஷம் நரி உள்ளான் முட்டையைத் தேடிப் போகும். சைபீரியாவில் எலி குறைந்தால் ஆப்பிரிக்கச் சேற்றில் பறவை குறைகிறது!

கோவளத்தில் இதைச் செய்ய முடியுமா? ஒற்றை இடத்து எண்ணிக்கையை நம்ப மாட்டேன். அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் அடைத்ததா, சேறு எவ்வளவு வெளியே தெரிந்தது என்பதெல்லாம் கணக்கைக் குழப்பும். பழவேற்காடு, கோவளம், முத்துப்பேட்டை, கோடியக்கரை, தனுஷ்கோடி என்று பல இடத்தில் பல வருஷம் எண்ணினால்தான் ஏதாவது தேறும். நம்மிடம் இல்லாதது அதுதான். ஜனவரியில் கோடியக்கரைக்குப் படையெடுக்கிறோம், மே மாசம் மலையேறிவிடுகிறோம். என் தொழிலில் பூஜ்யம் வேற, நல் வேற. எண்ணிப் பார்த்து எதுவும் இல்லை என்பது ஒன்று, யாரும் எண்ணவே இல்லை என்பது இன்னொன்று. நம் கோடைத் தரவு முக்கால்வாசி இரண்டாவது ரகம்.

இது வெறும் ஆராய்ச்சி ஆசை என்றால் விட்டுவிடலாம். 2024 அக்டோபரில் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளானை அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2025-26 தமிழக பட்ஜெட்டில் திருப்போரூர் வட்டத்தில் கோவளம் அருகே 1.6 டி.எம்.சி. கொள்ளளவில், ரூ.350 கோடியில் புதிய நீர்த்தேக்கம் அறிவித்தார்கள். சென்னைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஏப்ரலிலேயே லாரி வர ஆரம்பித்துவிடும். ஆனால் கொசு உள்ளானின் கால் 2 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதைவிட அதிகம் தண்ணீர் நின்றால் அந்த இடம் அதுக்கு உதவாது. உப்பு குறைந்தால் சேற்றுப் புழுக்களும் மாறும். கழிமுகத்தில் எங்கே, எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீரைத் தேக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. நம் நாட்டில் பல திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத்தின் தரவு போதும். பறவைகள் வந்து குவிகிற நம் வடகிழக்குப் பருவமழைக் காலம் அதில் விட்டுப்போகலாம். மே மாசம் ஒருவர் வந்து பத்துப் பறவையை எண்ணி "பறவைகள் அதிகம் இல்லை" என்று எழுதினால் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அந்தப் பத்தும் போன வருஷத்துக் குஞ்சுகள், அடுத்த வருஷம் முட்டையிடப் போகிறவை என்பதும், அந்த இடம்தான் அவற்றை முதல் கோடையில் காப்பாற்றியது என்பதும் அறிக்கையில் வராது. அதே இடத்துக்கு வருஷாவருஷம் மே மாசக் கணக்கு கையில் இருந்தால் எதிர்க்கேள்வி கேட்கலாம்.

போகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்கு அங்கே இருங்கள். எட்டரைக்கு மேல் கானல் எழும்பி டெலஸ்கோப்பில் எல்லாப் பறவையும் நெளியும். உப்பளக் கரைகளில் பார்த்து நடக்கணும். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் அந்த வெயிலில்தான் தரையில் முட்டையிடும். நீங்கள் பக்கத்தில் நின்றால் தாய் எழுந்துவிடும், நிழல் இல்லாமல் முட்டை வெந்துவிடும். இனவாரியாக எண்ணி, எத்தனை சிவப்பு, எத்தனை சாம்பல் என்று தனித்தனியாக ஈ-பேர்டில் ஏற்றுங்கள். ஒன்றுமே இல்லாத நாளையும் ஏற்றுங்கள்.

ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ இன்னொரு முறை போங்கள். வளைமூக்கு உள்ளானில் ஆண் அடைகாப்பதில்லை. ஜோடி சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தெற்கே கிளம்பிவிடும். சாம்பல் கூட்டத்தின் நடுவே வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கிற ஒன்று தெரிந்தால், அது அநேகமாகத் தைமீரிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கிய ஆண்.