இது உங்கள் கதையா?

முதல் நாவல்கள் – 9

அமெரிக்காவில் ஒரு புது நாவலாசிரியர் வாசகர்களை நேரில் சந்திக்கும் முதல் இடம் பெரும்பாலும் புத்தகக் கடைதான். மாலையில் அலமாரிகளை ஒதுக்கிவிட்டு மடக்கு நாற்காலிகள் போடுவார்கள். எழுத்தாளர் தன் புத்தகத்திலிருந்து சில பக்கங்கள் வாசிப்பார். இன்னொரு எழுத்தாளர் அவரிடம் பேச்சுக் கொடுப்பார். பிறகு மைக் வாசகர் பக்கம் வரும். நாவல் ஒரு குடும்பத்தையும் அதில் வளரும் பிள்ளையையும் பற்றியது என்றால் என்ன கேள்வி வரும் என்பதில் சந்தேகமே வேண்டாம்: "இது உங்கள் கதையா?"

இந்தக் கேள்வி வந்தாலே சில எழுத்தாளர்களின் முகம் சுருங்கிவிடும். எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. கேட்கிறவர் வம்புக்குக் கேட்பதில்லை. தன் வீட்டில் நடந்ததை யாரோ எழுதிவிட்டார்கள். எழுதியவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தானா என்று தெரிந்துகொள்ளத் தவிக்கிறார். டக்ளஸ் ஸ்டுவர்ட் இந்தக் கேள்வியிலிருந்து நழுவாதவர். அதனால் இந்த வாரம் அவருடைய 'ஷகி பெயின்'.

ஸ்டுவர்ட் 1976இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். குடியிலிருந்து மீள முடியாத அம்மா, அவருக்குப் பதினாறு வயதானபோது இறந்துபோனார். புத்தகமே இல்லாத வீடு அது. ஜவுளி வடிவமைப்பு படித்து, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் முதுகலை முடித்து, நியூயார்க் போய் கால்வின் கிளைன், ரால்ஃப் லாரன் போன்ற ஆடை நிறுவனங்களில் வேலை பார்த்தார். வேலை போக மிச்சமிருந்த நேரத்தில், ஏறக்குறைய பத்து வருஷம், இந்த நாவலை எழுதினார். 30க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் எப்படி விற்பதென்று தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கடைசியில் குரோவ் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் புத்தகம் வந்தது. அடுத்த மாதமே கொரோனாவால் நியூயார்க்கின் கடைகள் மூடின.

பேர் தெரியாத எழுத்தாளருக்கு இது எவ்வளவு பெரிய அடி! அவருக்குப் பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது. கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, 'இதை எடுத்துப் போங்க' என்று வாடிக்கையாளர் கையில் கொடுத்தால்தான் உண்டு. கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறின. திரையில் வாசிப்பைக் கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கிறவர், தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, 'எங்க அம்மாவும் இப்படித்தான்' என்று சொல்கிற அந்த அரை நிமிஷம் மட்டும் திரையில் கிடைக்காது. இந்த நாவலுக்கு வேறு எதையும்விட அந்த அரை நிமிஷம்தான் தேவைப்பட்டது.

நாவலின் பெயர் மகனுடையது. ஆனால் அதன் நடுவில் நிற்பவள் அம்மா ஆக்னஸ். 1980களின் கிளாஸ்கோ. தாட்சர் ஆட்சியில் சுரங்கங்களும் ஆலைகளும் மூடிக்கொண்டிருந்த காலம். டாக்சி ஓட்டும் கணவன், குடும்பத்தைப் பிட்ஹெட் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறான். வாரா வாரம் வரும் அரசு உதவிப் பணம் பீருக்கும் வோட்காவுக்கும் போகிறது. ஆனாலும் தலைமுடியைச் சீவி, உதட்டுச்சாயம் பூசி, குதிகால் உயர்ந்த செருப்பு மாட்டாமல் ஆக்னஸ் தெருவில் இறங்க மாட்டாள். அந்தத் தெருவில் அதுவே குற்றமாகிறது. மகள் கல்யாணம் செய்துகொண்டு தென்னாப்பிரிக்கா போய்விடுகிறாள். மூத்த மகன் லீக்கும் ஒருநாள் வெளியேற, கடைக்குட்டி ஷகி மட்டும் அம்மாவோடு மிஞ்சுகிறான்.

இரண்டு இடங்கள் என் மனதை விட்டு அகலவில்லை. ஷகியின் நடை பெண்ணின் நடை போலிருக்கிறது என்று ஊர்ப் பையன்கள் வதைக்கிறார்கள். ஆண்பிள்ளை எப்படி நடக்க வேண்டும் என்று லீக் தம்பிக்கு நடந்து காட்டுகிறான். கால்களை அகட்டி, உடம்புக்கு இடம்விட்டு. தம்பியும் பாடம்போல் நடந்து பழகுகிறான். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் சப்பென்று போயிருக்கும். ஓர் அண்ணனின் பயமும் பாசமும் அந்த நடையிலேயே இருக்கின்றன. இன்னொன்று, ஷகி அம்மாவுக்காக வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் உறைந்து நிற்கிறான். நிறுத்தாதே, ஆடு என்கிறாள் அம்மா. தலைநிமிர்ந்து வாழ அவளிடம் கற்றுக்கொடுக்க மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கலாமே, நாவல் எதற்கு என்று கேட்கலாம். தன்வரலாறாக எழுதியிருந்தால் அது மகன் பார்த்த அம்மாவோடு நின்றிருக்கும். இந்த நாவலில் ஆக்னஸின் மனதுக்குள்ளேயே நாம் பல அத்தியாயங்கள் இருக்கிறோம். மகன் கண்ணில் படாத அவமானங்களை அங்கேதான் பார்க்கிறோம். ஸ்டுவர்ட்டும் இது கற்பனைப் படைப்பு என்றே சொல்கிறார். கூடவே, குடியால் இறந்த ஒரு தாயின் மகன் நான் என்பதையும் மறைப்பதில்லை. இரண்டும் உண்மை.

அவர் பேட்டிகளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. அம்மா குடித்திருக்கும்போது தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்ல, காலடியில் உட்கார்ந்து சிறுவன் எழுதிக்கொள்வானாம். நடிகை எலிசபெத் டெய்லருக்குச் சமர்ப்பணம் என்று அந்தக் கதை ஆரம்பிக்கும். சில பக்கங்களுக்குமேல் போனதே இல்லை. அம்மாவைக் குடியிலிருந்து கொஞ்ச நேரம் திசைதிருப்ப அந்த வயதில் அவன் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று இது. நாவலாசிரியர் அங்கேயே உருவாகிவிட்டார் என்பேன்.

2020 நவம்பரில் புக்கர் பரிசு. 1994இல் ஜேம்ஸ் கெல்மனுக்குப் பிறகு அதைப் பெற்ற இரண்டாவது ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டுவர்ட். அறிவிப்பு வந்தபோதும் அவர் நியூயார்க்கில், ஒரு திரைக்கு முன்னால்தான் இருந்தார். அம்மாவுக்கு நன்றி சொன்னார்.

அந்த வருஷ இறுதிப் பட்டியலில் இருந்த ஆறு நாவல்களில் நான்கு முதல் நாவல்கள். அவற்றில் ஒன்று புனேயில் நடப்பது. நினைவு தப்பிக்கொண்டிருக்கும் அம்மாவையும், அவரை மன்னிக்க முடியாத மகளையும் பற்றியது. இந்தியாவில் அது 2019இலேயே வேறு பெயரில் வெளிவந்திருந்தது. அவ்னி தோஷியின் அந்த நாவலை அடுத்த வாரம் பார்ப்போம்.